வழக்கமான தேய்மானம்

அந்தக் காகித ஆலையில் டாக்டரம்மா என்றால் வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூட யாரென்று தெரியும். அவள் படித்ததென்னவோ இயந்திரப் பொறியியல். ஆனால் பதினேழு வருடமாகக் காலை ஏழு மணிக்கு அவள் செய்துவந்தது அசல் வைத்தியர் வேலை. கையில் முழ நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி, அதன் ஒரு முனையில் மரக் குமிழ். கம்பியின் மறுமுனையை ஓடுகிற இயந்திரத்தின்மேல் ஊன்றுவாள். குமிழை இடது காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவாள். அரை நிமிடம். பிறகு "இது நல்லா இருக்கு" என்றோ, "இதுக்கு இன்னும் மூணு வாரம்தான்" என்றோ சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்வாள்.

ஈரக் காகிதத்தை உலர்த்தும் பகுதியில் மட்டும் ஆளுயரத்துக்கு நாற்பத்தெட்டு நீராவி உருளைகள் இருந்தன. ஒவ்வோர் உருளையின் தண்டையும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிப்பது பேரிங். தொண்ணூற்றாறு பேரிங்கில் ஒன்று சிக்கினாலும் மொத்த இயந்திரமும் நின்றுவிடும். நல்ல பேரிங் ஒரே சுருதியில் ரீங்காரமிடும். கெடத் தொடங்கியது மணலை மெல்வதுபோல நறநறக்கும். அந்த நறநறப்பை மற்றவர்களுக்கு ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுவாள் என்பதுதான் அவளுடைய பெருமை. அந்தப் பெருமையை அவள் மறைத்ததும் இல்லை.

நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு புதன்கிழமை அது உடைந்தது. முப்பத்தொன்றாம் உருளையைக் காலையில் கேட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மதியம் சாப்பாட்டுக்குக் கைகழுவும்போது தடாலென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு, ஆலைக்குள் யாரும் கேட்டே பழகாத அமைதி. பேரிங் இறுகித் தண்டு கருகியிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. இயந்திரம் பதினோரு மணி நேரம் நின்றது.

தலைமை ஃபிட்டர் நூறு கிலோவுக்கு ஒரு பிடி குறையாதவர். அதனாலேயே அவருக்கு ஒல்லி என்று பெயர். அவர் கழற்றிப்போட்ட பேரிங்கை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், இது இன்னிக்கு நேத்துக் கெட்டது இல்ல. பத்து நாளாவது கத்தியிருக்கும்."

"கத்தலண்ணே. நான் காலைலகூடக் கேட்டேனே."

ஒல்லி சங்கடத்தோடு குனிந்து கையைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சங்கடம்தான் அவளை மறுநாள் காது மருத்துவரிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

மருத்துவர் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தாள். இடது காதுக்கு மாறியதும் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். இயந்திரம் பழுதாகியிருக்கிறது என்று நினைத்து வெளியே பார்த்தாள். மருத்துவரின் விரல் வேலைசெய்துகொண்டுதான் இருந்தது.

"கீச்சுச் சத்தமெல்லாம் இந்தக் காதுல போயிடுச்சும்மா. ஆலைச் சத்தம்தான் தின்னிருக்கு. போனது திரும்பாது. இருக்கறதையாவது காப்பாத்திக்கோங்க. உள்ள போனா காதுக்கவசத்தைக் கழட்டவே கூடாது."

"கவசம் போட்டா எப்படி டாக்டர் கேக்கறது?"

"கேக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

அவள் கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். கடையில் யார் எந்த வியாதியோடு வந்தாலும் சிரிக்கவைத்து அனுப்புகிற மனிதர். அன்று சாயங்காலம் அறிக்கையைப் படித்துவிட்டு, "இனிமே நான் இடது பக்கமா நின்னு முணுமுணுத்தா உனக்குக் கேக்காது. கல்யாணமாகி இப்பத்தான் எனக்கு நல்ல காலம் பொறந்திருக்கு" என்றார். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. அவர் எழுந்துபோய் அவளுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஆலை மேலாளர் நல்லவர்தான். ஆனால் எந்த முடிவையும் மூன்று நாள் ஊறப்போட்டு எடுப்பவர். மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டு, உதிரிபாகத் திட்டமிடல் பிரிவில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதாகச் சொன்னார். குளிர்சாதன அறை, சத்தமே கிடையாது.

"சார், எனக்கு நாற்காலி வேணாம். அந்தத் திரைக்குப் பின்னாடி இருக்கறதை எனக்குக் குடுங்க."

அவள் சொன்ன திரை கட்டுப்பாட்டு அறைச் சுவரில் தொங்கியது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நிறுவனம் வந்து எல்லாப் பேரிங்கின்மேலும் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரை ஒட்டிவிட்டுப் போயிருந்தது. ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்வையும் சூட்டையும் அளந்து, கம்பியில்லாமலே சுவரிலிருந்த பெட்டிக்கு அனுப்பும். அளவு ஓர் எல்லையைத் தாண்டினால் திரையில் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடிக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலும் அடித்தது, பக்கத்தில் பாரவண்டி போனாலும் அடித்தது. இரண்டாம் மாதமே யாரோ மணியின் வாயில் நாடா ஒட்டிவிட்டார்கள். அதன் பிறகு சிவப்பு விளக்கு கட்டுப்பாட்டு அறைக்கு ஓர் அலங்காரமாகிவிட்டது. ஆனால் சென்சார்கள் சளைக்காமல் அனுப்பிக்கொண்டே இருந்தன. இரண்டு வருட அதிர்வு, யாரும் கேட்காமல் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது.

"அதை வச்சு என்ன செய்வீங்க?"

"எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம்னு கம்ப்யூட்டருக்குப் பழக்கிக் குடுப்பேன் சார்."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்கறேன்."

மேலாளர் மறுபடி மூன்று நாள் ஊறப்போட்டார். கடைசியில் ஆறு மாதம் கொடுத்தார். ஆனால் பராமரிப்பு வேலையில் ஒன்றும் குறையக்கூடாது.

அன்றிலிருந்து அவளுடைய நாள் விடியற்காலை நாலரைக்குத் தொடங்கியது. சமையலறை மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும் தேநீர். கல்லூரியில் ஒரு பருவம் மட்டும் நிரல் எழுதப் படித்திருந்தாள். அதுவும் தேர்வுக்கு மறுநாளே மறந்துபோனது. இணையத்தில் ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டுவதுபோல ஆரம்பித்தாள். ஒரு கமாவை விட்டதற்காகக் கணினி பதினேழு வரி திட்டியது. ஒரு வாரம் முழுக்க ஒரே பிழையோடு மல்லுக்கட்டி, கடைசியில் கோப்பின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தாள். பல் தேய்த்துக்கொண்டே வந்த கணவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு சிவப்பா இருக்கே. யாருக்காவது அடிபட்டுச்சா?"

"எனக்குத்தான். போய் வாயைக் கொப்பளிங்க."

நான்காம் மாதம், அதிர்வைப் பார்த்துக் கெட்ட பேரிங்கைப் பிரித்துச் சொல்லும் முதல் கணினி மாடல் உருவாயிற்று. இரண்டு வருட அதிர்வையும், எந்தப் பேரிங்கை எப்போது மாற்றினார்கள் என்கிற பராமரிப்புப் பதிவேட்டையும் சேர்த்து ஊட்டியிருந்தாள். சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி என்றது. துள்ளிக் குதிக்காத குறையாகத் தங்கைக்கு ஃபோன் செய்தாள்.

தங்கை ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். ஒருநாளைக்கு நானூறு குழாய் ரத்தம் பார்ப்பவள். எதையும் லேசில் நம்பமாட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. நூறு பேரிங்குல நிஜமாவே கெட்டது எத்தனை?"

"மூணு இருக்கும்."

"அப்ப கண்ணை மூடிக்கிட்டு எல்லாமே நல்லா இருக்குன்னு சொன்னா எனக்கும் தொண்ணூத்தேழு மார்க் வருமே."

அவள் திரையிலிருந்த தொண்ணூற்றேழை மறுபடி பார்த்தாள்.

"அந்த மூணைப் பிடிச்சுதான்னு பாரு. அதுதான் கேள்வி. எங்க கூடத்துல நோய் இல்லாதவங்களுக்கு இல்லைன்னு சொல்றதுக்கா எனக்குச் சம்பளம் தர்றாங்க?"

ஃபோனை வைத்த கையோடு பார்த்தாள். மூன்றில் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. அன்று தேநீரை அப்படியே கொட்டிவிட்டு ஆலைக்குக் கிளம்பினாள். ஆனால் மறுநாள் நாலரைக்கு மேசையில் மறுபடி விளக்கெரிந்தது. கெட்டவற்றுக்குக் கூடுதல் எடை கொடுத்து மாடலைத் திருத்தினாள். ஐந்தாம் மாதக் கடைசியில் அது பதினோரு பேரிங்குகளைச் சுட்டிக்காட்டி, அவற்றில் பன்னிரண்டாம் உருளையின் பேரிங் உடனே மாற்றவேண்டியது என்றது.

செவ்வாய்க்கிழமை வாராந்தரக் கழுவலுக்காக இயந்திரம் நின்றபோது, மேலாளரிடம் கெஞ்சி மூன்று மணி நேரம் கூடுதலாக வாங்கினாள். ஒல்லியும் இரண்டு ஃபிட்டர்களும் கழற்றினார்கள். ஒல்லி எண்ணெயைத் துடைத்து, பேரிங்கை அவளுடைய முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாருங்க மேடம். இதுல முகம் பாத்துத் தலை வாரலாம்."

பழுதில்லை, கீறல்கூட இல்லை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. உணவுக்கூடத்தில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. டாக்டரம்மா நல்ல பல்லைப் பிடுங்கிட்டாங்க என்றார்கள். காது போன பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டால் கேட்காது என்று அவள் நினைத்தாள். கேட்டது.

ஏன் அப்படி ஆயிற்று என்று தெரியாமல் விடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டாள். மாடல் எதைப் பார்த்துப் பயந்தது என்று ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போனாள். நான்கு நாளில் பிடிபட்டது. அந்த வாரம் ஆலையில் கனமான அட்டை ஓடியிருந்தது. அட்டைக்கு இயந்திரத்தை மெதுவாக ஓட்டுவார்கள். வருடாந்தரப் பெரிய நிறுத்தத்துக்கு முந்தைய நாட்களிலும் மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். அந்த நிறுத்தத்தில்தான், கெட்டதோ நல்லதோ, காலண்டரைப் பார்த்து நாற்பது பேரிங்கை மாற்றுவது வழக்கம். மாடல் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டது. அதைப் பொறுத்தவரை, மெதுவாக ஓடினால் பேரிங் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

அப்படியானால் எந்தப் பேரிங் உண்மையாகவே கெட்டு மாற்றப்பட்டது, எது நல்ல நிலையில் மாற்றப்பட்டது? பதிவேட்டைத் திறந்தாள். இரண்டு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு பேரிங் மாற்றியிருந்தார்கள். காரணம் என்கிற கட்டத்தில் இருநூற்றொன்பது இடத்தில் ஒரே வாசகம்: வழக்கமான தேய்மானம். முப்பத்தொன்றாம் உருளைக்குக்கூட, தண்டு கருகி எல்லாரும் கண்ணால் பார்த்ததற்குக்கூட, வழக்கமான தேய்மானம் என்றே எழுதியிருந்தது.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவள் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃபிட்டர்களின் பட்டறைக்குப் போனாள். ஒல்லி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது என்ன? எல்லாத்துலயும் ஒரே வாசகம்?"

"எல்லாம் தேயத்தானே செய்யுது மேடம்."

"என்கிட்டயும் இதே பதிலா?"

ஒல்லி தம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க அப்ப பிள்ளைப்பேறு லீவுல இருந்தீங்க. ஒம்பது வருஷம் ஆச்சு. எங்கள்ல ஒருத்தன் உள்ளதை உள்ளபடி எழுதினான். பேரிங் உக்கார்ற கூட்டைத் துடைக்காம மாட்டினதால தூசி உள்ள போயிடுச்சுன்னு. அவன் மாட்டினதுதான், அவனே ஒத்துக்கிட்டு எழுதினான். அப்ப இருந்த மேலாளர் ரெண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அப்புறம் அவனுக்குப் பதவி உயர்வே வரல. பாத்துட்டு வேற வேலைக்குப் போயிட்டான். அதுலேர்ந்து இந்த ரெண்டு வார்த்தைதான் எங்களுக்குக் குடை."

"இத்தனை வருஷமா சோத்துல பூசணிக்காயை மறைச்சிருக்கோம்."

"நாங்க மறைச்சோம். நீங்க எல்லாரும் தினமும் அதுல கையெழுத்துப் போட்டீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. பக்கங்களைப் புரட்டினாள். பாதிக்கு மேல் அவளுடைய கையெழுத்துதான்.

ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அவள் மேலாளரிடம் நேராகப் போய், மாடல் தோற்றுவிட்டது என்றும், ஏன் தோற்றது என்றும், இனி என்ன வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். அவள் கேட்டது கணினியோ பணமோ அல்ல, ஒரே ஒரு வரி உத்தரவு. கழற்றிய பேரிங்கை ஆய்வுசெய்து எழுதுகிற குறிப்பை வைத்து யார்மேலும் எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது என்று.

"அப்ப தப்புப் பண்ணவன் தப்பிச்சுப் போகட்டுமா?" என்றார் மேலாளர்.

"இப்பவும் தப்பிச்சுத்தான் போறான் சார். கூடவே காரணமும் தப்பிச்சுப் போகுது."

"மேலிடத்துல கேட்டா நான் என்ன சொல்றது?"

"முப்பத்தொண்ணாம் உருளைக்கு என்ன காரணம்னு மேலிடத்துல கேட்டாங்களே, அப்ப என்ன சொன்னீங்க?"

மேலாளர் மேசைமேல் விரலால் தாளம்போட்டார். வழக்கமான தேய்மானம் என்றுதான் அவரும் சொல்லியிருந்தார். மூன்று நாள் கழித்து உத்தரவு வந்தது. கூடவே இன்னோர் ஆறு மாதமும் வந்தது.

காகிதத்தில் உத்தரவு ஒட்டியதும் ஊரே உண்மை பேசிவிடுமா என்ன? முதல் இரண்டு வாரம் ஒரு குறிப்புக்கூட மாறவில்லை. ஃபிட்டர்கள் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வாரம் தண்ணீர் உறிஞ்சும் பம்பு ஒன்றின் பேரிங்கைக் கழற்றினார்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தோல் உரிந்ததுபோல் இருந்தது. மோட்டார் தண்டும் பம்புத் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால்தான் அப்படித் தேயும். நான்கு மாதத்துக்கு முன் அந்த நேர்க்கோட்டைச் சரிபார்த்தவள் அவளேதான். அன்று மகளுக்கு உடம்பு சரியில்லை என்று ஃபோன் வந்ததில், கடைசி அளவை இரண்டாம் முறை பார்க்காமல் கிளம்பிவிட்டாள்.

ஒல்லி அவளைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் காரணம் என்கிற கட்டத்துக்குமேல் பிடித்தபடி, "என்ன எழுதட்டும்?" என்றார். குரலில் கிண்டல் இல்லை. அவளைக் காப்பாற்றத் தயாராகவே இருந்தார்.

"குடுங்க, நான் எழுதறேன்."

எல்லார் முன்னாலும் நின்றபடியே எழுதினாள். தண்டு நேர்க்கோட்டில் இல்லை, சரிபார்த்தது நான், கடைசி அளவை எடுக்கவில்லை. கீழே கையெழுத்து. கையெழுத்து கொஞ்சம் கோணிப்போயிற்று.

மறுநாள் காலைக் கூட்டத்தில் மேலாளர் அதை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். உத்தரவில் போட்ட தன் கையெழுத்து நினைவுக்கு வந்திருக்கவேண்டும். "சரி, அடுத்தது" என்று பக்கத்தைத் திருப்பினார்.

அந்த வாரம் ஒரு ஃபிட்டர் கூச்சத்தோடு எழுதினார்: சுத்தியலால் தட்டி மாட்டினேன், விளிம்பு நசுங்கிவிட்டது. அடுத்த வாரம் மூன்று குறிப்பு. பட்டறையில் ஒரு மேசை ஒதுக்கினார்கள். கழற்றிய ஒவ்வொரு பேரிங்கையும் அறுத்து, தட்டில் வைத்து, படமெடுத்து, காரணம் எழுதவேண்டும். அது ஒரு வழக்குமன்றம்போலவே ஆகிவிட்டது. "இது தண்ணி புகுந்தது" என்பார் ஒருவர். "உன் கண்ணுல புகுந்திருக்கும், இது எண்ணெய்ப் பஞ்சம்" என்பார் ஒல்லி. அவள் நடுவில் நின்று பூதக்கண்ணாடியால் பார்த்துத் தீர்ப்பெழுதுவாள். சிலநேரம் தீர்ப்பு வராது. அப்போது தெரியவில்லை என்று எழுதப் பழகிக்கொண்டார்கள். நல்ல நிலையில் கழற்றியதை நல்லது என்றே எழுதினார்கள். மாதக்கணக்கில் சேர்ந்தது அறுபத்து மூன்று குறிப்புதான். கல்லில் நார் உரிக்கிற வேலை. பழைய மாடலைத் தூக்கிப்போட்டுவிட்டு, இயந்திரத்தின் வேகத்தையும் காகிதத்தின் கனத்தையும் சேர்த்துப் புதிதாக ஒன்றைப் பழக்கினாள். மாடலின் பதிலையும் தங்கைக்கு அனுப்புவதற்குமுன் தானே குறுக்குவிசாரணை செய்தாள். தங்கை கேட்க ஒன்றும் மிச்சமில்லாமல், "பரவால்லக்கா, தேறிட்ட" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பட்டம்.

இரண்டாம் ஆறு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நாற்பதாம் உருளையின் பின்பக்கப் பேரிங் பற்றி எச்சரிக்கை வந்தது. ஐந்து முதல் பன்னிரண்டு நாள் என்றது மாடல். அதிர்வு வரைபடத்தில் கடுகு அளவுக்கு ஒரு மேடு, சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தது. ஒல்லி அவளுடைய கம்பியை வாங்கி நன்றாக ஊன்றிக் கேட்டார். அவருக்கு இரண்டு காதும் பழுதில்லாதவை.

"பச்சப்புள்ள மாதிரி தூங்குது மேடம். ஒண்ணும் கேக்கல."

அவசரமான வேலை ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நிறுத்தம் செவ்வாய்க்கிழமை, அதுவும் இரண்டே மணி நேரம். அவள் ஐந்து மணி நேரம் கேட்டாள். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முன்னாடி ஒரு தடவை கண்ணாடி மாதிரி ஒண்ணைக் கழட்டிக் காமிச்சீங்க. ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு சார். அன்னிக்கு இருநூத்திப் பதினாலு பொய்யை வச்சுக்கிட்டுப் பேசினேன். இன்னிக்கு என்கிட்ட அறுபத்திமூணு உண்மை இருக்கு."

"உங்களுக்கே ஏதாவது கேட்டுச்சா?"

"என் காதைக் கேக்காதீங்க. அது சாட்சி சொல்ற நிலைமைல இல்ல."

மேலாளர் கதவருகே நின்றிருந்த ஒல்லியைப் பார்த்தார். ஒல்லி தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கும் ஒண்ணும் கேக்கல சார். ஆனா அந்த அறுபத்திமூணுல முப்பது நான் எழுதினது. அது எனக்குத் தெரியும். கழட்டிப் பாத்துருவோம்."

இந்தமுறை மேலாளர் மூன்று நாள் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள நாளும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பேரிங் வெளியே வந்தது. துடைத்துப் பார்த்தால் பளபளவென்றுதான் இருந்தது. பின்னால் நின்ற யாரோ சிரிப்பை அடக்குவது தெரிந்தது. ஒல்லி உள்வளையத்தின்மேல் நகத்தை வைத்து மெல்ல ஓட்டினார். பாதிச் சுற்றில் நகம் நின்றது. மறுபடி ஓட்டினார், மறுபடி அதே இடத்தில் நின்றது. அவளுடைய விரலைப் பிடித்து அங்கே வைத்தார். முடி அளவுக்கு ஒரு வெடிப்பு, அகலவாட்டில் முழுதாக ஓடியிருந்தது. இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் வளையம் இரண்டாகியிருக்கும். அவள் விரலை எடுக்கவே இல்லை. "நேரமாகுது மேடம், புதுசை மாட்டணும்" என்று ஒல்லிதான் நினைவுபடுத்தினார்.

அத்தோடு எல்லாம் சுபமாகிவிடவில்லை. பதினோரு நாள் கழித்து எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு பம்பு இறுகி நின்றது. போய்ப் பார்த்தால், சென்சாரின் காந்தம் தடித்த வண்ணப்பூச்சின்மேல் ஒட்டியிருந்தது. அதிர்வு பாதிகூட அதை எட்டவில்லை. ஒட்டும்போது சுரண்டிவிட்டு ஒட்டவேண்டும் என்று அவள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த இரண்டு வாரம் ஃபிட்டர்களும் அவளுமாக ஆலை முழுக்க உட்கார்ந்து சுரண்டினார்கள்.

வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது மாடல் எச்சரித்தவை இருபத்திரண்டு. பதினாறு சரி, நான்கு தவறு, இரண்டில் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவள் அந்த எண்களை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பினாள். சென்சார் விற்ற நிறுவனம் மோப்பம் பிடித்து வந்து, தங்களிடம் சேர்ந்தால் பெரிய பதவி தருவதாகச் சொன்னது. அவள் இரண்டு நாள் யோசித்தாள். "அங்க போனா பேரிங்கைக் கையில எடுத்துப் பாக்க முடியுமா?" என்று கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். முடியாது. வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

அவளுடைய சொந்த நிறுவனம் தன் மூன்று ஆலைகளுக்கும் சேர்த்து ஒரு புதிய பிரிவைத் தொடங்கி அவளைத் தலைவியாக்கியது. அலுவலகக் கட்டடத்தில் அறை தந்தார்கள். பட்டறையை ஒட்டியிருந்த பழைய சாமான் அறையே போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கதவில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவு என்று பலகை மாட்டினார்கள். பாதி நேரம் அந்தப் பிரிவில் வேலைசெய்ய ஒப்புக்கொண்ட ஒல்லி, பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"செயற்கை உங்களுக்கு, நுண்ணறிவு எனக்கா மேடம்?"

"ரெண்டையும் நீங்களே வச்சுக்கோங்கண்ணே. எனக்குத் தட்டுல இருக்கற பேரிங் போதும்."

இப்போது அவள் கையில் எடுத்திருப்பது காகிதத்தைச் சுருட்டும் கடைசி உருளை. அது நிமிடத்துக்குச் சில சுற்றுகள்தான் சுற்றும். அவ்வளவு மெதுவான ஓட்டத்தில் அதிர்வு அநேகமாகப் பிறப்பதே இல்லை. சென்சாரால் ஒன்றும் பிடிக்க முடியவில்லை. இதுவரை மூன்று வழி முயன்று மூன்றிலும் தோற்றிருக்கிறாள். நான்காவது வழிக்கு எண்ணெயில் கலந்துவரும் இரும்புத் துகளை அளக்கவேண்டும். அதற்கான கருவி போன வாரம் வந்து இறங்கியிருக்கிறது. உறை பிரித்தாயிற்று. கருவியோடு வந்த கையேடு நூற்றெண்பது பக்கம். காலை நாலரைக்கு அவள் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறாள்.